பிள்ளையின் கவனமும் பெற்றோரின் நிதானமும்

 

இந்த வரிசையில் இதற்கு முன்பு பிள்ளைப்பேற்று இடைவெளி, கர்ப்பிணியின் உணவு, தடுப்பூசி முதலியவற்றைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து நின்று கேட்காத விஷயம். கூட்டம் கலைந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில் ஒரு தாய் மட்டும் தயங்கித் தயங்கி வந்து நிற்பார். "சார், எம் பையன் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறான். புஸ்தகத்த எடுத்தா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேங்கிறான். வாத்தியார் தெனமும் சொல்லி அனுப்புறார். அவங்கப்பா அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு. என்ன சார் பண்றது?" என்பார்.

இந்தக் கேள்விக்கு நான் முதன்முதலில் சொன்ன பதில் தவறான பதில். அதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

வேலைக்கு வந்த புதிது. கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் குடும்பநலக் கூட்டம் முடித்துக் கிளம்பும்போது ஒரு அம்மா மேற்சொன்ன மாதிரியே வந்து கேட்டார். பையன் மூன்றாம் வகுப்பு. எனக்கு ஜீப் காத்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் கண்டிச்சு வளருங்கம்மா, செல்லம் கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை நடந்தது. டாக்டர் அந்தப் பையனின் காதில் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சவ்வில் ஓட்டை, உள்ளே சீழ். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவனுக்கு வாத்தியார் பேசியதில் பாதிதான் கேட்டிருக்கிறது. மீதிப் பாதியை அவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக் கழித்திருக்கிறான். அந்த எட்டு மாதமும் காது கேட்காத குற்றத்துக்காக அவன் புளிய விளாறால் அடி வாங்கினான். அதில் சில அடிகள் என் வாயால் வாங்கிக் கொடுத்தவை.

ஆகவே "பிள்ளைக்குக் கவனம் இல்லை" என்று யாராவது சொன்னால், கையை ஓங்குவதற்கு முன்பு அந்தப் பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்.

காதில் சீழ் வருகிறதா? முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? டி.வி.யை ஒட்டி நின்று பார்க்கிறதா, கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? அப்படியானால் கண்ணில் குறை இருக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடியும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?" என்று கேட்டுக் கண்ணாடியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த வீடுகளும் எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தக் காரியம் செய்யாதீர்கள்.

அடுத்தது இரத்தம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட நூறு குழந்தைகளில் அறுபத்தேழு பேருக்கு இரத்தசோகை இருந்தது தெரியவந்தது. இரும்புச் சத்து இரத்தத்துக்கு மட்டும் வேண்டியதல்ல, மூளை வேலை செய்யவும் வேண்டும். அது குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், அல்லது சிடுசிடுவென்று இருக்கும். எதிலும் மனம் ஊன்றாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை கொடுக்கிற இரும்புச் சத்து சிரப், ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை வாரம் ஒரு முறை கொடுக்கிற இளஞ்சிவப்பு மாத்திரை, பத்து வயதுக்கு மேல் நீல மாத்திரை ஆகியவற்றை "வயிறு கருக்கும், மலம் கறுப்பாப் போகுது" என்று குப்பையில் போடாதீர்கள். மலம் கறுப்பது அந்த மருந்தின் இயல்பு. பயப்பட வேண்டியதில்லை. கொக்கிப் புழு குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் பிப்ரவரி மாதக் குடற்புழு நீக்க நாளில் மாத்திரை கொடுக்கிறார்கள். அன்று பள்ளிக்குப் போகாத பிள்ளையை அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ காட்டிக் கேட்டு வாங்குங்கள். கொல்லைக்குப் போகும்போது செருப்புப் போட்டு அனுப்புவதும் இந்த வைத்தியத்தைச் சேர்ந்ததே.

இரவில் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறதா? மூக்கின் பின்னால் சதை வளர்ந்து மூச்சை அடைக்கிற பிள்ளைக்குத் தூக்கம் தூக்கமாக இருக்காது. பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் மறுநாள் சோர்ந்து விழுவோம். சிறு பிள்ளைகள் பலபேர் அதற்கு நேர்மாறாகத் துள்ளிக்கொண்டும் அழுதுகொண்டும் இருப்பார்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும் போதே பத்து வினாடி கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் தெரியாமல் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் மீண்டும் பேசுகிற பிள்ளை. ஒரு நாளில் பலமுறை இப்படி ஆகும். "பகல் கனவு காண்றா" என்று வாத்தியார் தலையில் குட்டுவார். அது வலிப்பு நோயில் ஒரு வகை. மருந்தால் நன்கு கட்டுப்படும் வகை.

இவ்வளவும் பார்த்தாயிற்று, உடம்பில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை அறிவில் சுட்டி, ஆனாலும் கவனம் நிற்கவில்லை என்றால் என்ன? அப்படியும் பிள்ளைகள் உண்டு. இது செல்போன் வந்த பிறகு வந்த நோய் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அது சரியல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவுக் குறைவு இல்லாதிருந்தும் எதிலும் மனம் நிலைக்காத, நினைத்ததை உடனே செய்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் கூடிய சபையில் விரிவாகச் சொற்பொழிவாற்றியிருக்கிறார். அப்போது எந்தப் பிள்ளை கையில் செல்போன் இருந்தது? இன்று டாக்டர்கள் இதைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கி எழுதுவார்கள். உலகம் முழுவதும் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஐந்து பேர் அளவுக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரபரவென்று ஓடுகிற பையன் கண்ணில் பட்டுவிடுவான். சத்தம் போடாமல் மூலையில் உட்கார்ந்து, சொன்னதை மறந்து, ரப்பரையும் பென்சிலையும் தினம் ஒன்றாகத் தொலைத்து, பாதிக் கணக்கில் நின்றுவிடுகிற பெண் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை. அவளும் இந்த வகையாக இருக்கலாம். "மக்கு" என்று பெயர் வைத்துப் பத்தாவதோடு நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். பையனுக்காவது அடி விழுகிறது, அதைப் பார்த்து யாராவது காரணம் கேட்கிறார்கள். அவளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கூட்டத்தில் நான் சொல்வதில் வேறெதை மறந்தாலும் அந்தப் பிள்ளையை மறக்காதீர்கள்.

இந்தக் குறைபாடு பெற்றோர் வளர்ப்பால் வருவதல்ல. மூளை வளர்ச்சியில் இருக்கும் ஒரு வேறுபாடு. பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும். சில அப்பாக்கள் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, "நானும் இப்படித்தாங்க இருந்தேன், அஞ்சாவதோட ஓடி வந்துட்டேன்" என்று சிரிப்பார்கள். சர்க்கரை தின்பதால் வருவதும் அல்ல. தாய் வேலைக்குப் போவதால் வருவதும் அல்ல. மாமியார்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வளர்ப்புக்கு இதில் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நிறைய இருக்கிறது. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை, வீட்டில் நிதானம் இருந்தால் தேறிக்கொண்டு வரும். வீடு கொதித்துக்கொண்டிருந்தால் மோசமாகும். அதைவிட முக்கியம், குறைபாடே இல்லாத பிள்ளைக்கும் வீடு கொதித்தால் கவனம் சிதறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் ஒரே இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஐம்பது வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கே ஒரு வீடு. அப்பாவுக்கு நாற்பது வயது இருக்கும். தோப்புப் போய்விட்டது. குழுக் கடன் வாரா வாரம் கட்ட வேண்டும். மனுஷன் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வருவார். பையன் நாலாம் வகுப்பு. அதுவரை வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன். ஆறு மாதத்தில் வாய்ப்பாடு மறந்துபோயிற்று. வாத்தியார், "புத்தி மழுங்கிடுச்சு" என்றார்.

நான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனிடம், "சாயங்காலம் படிக்க உக்காந்தா என்னடா ஆகுது?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "அப்பா வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன் சார்."

அவன் கவனம் எங்கும் போய்விடவில்லை பாருங்கள். முழுக் கவனமும் இருந்தது. அது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. வண்டிச் சத்தம் எப்படி வருகிறது, நேராக வருகிறதா, தள்ளாடி வருகிறதா, நிறுத்தும்போது ஸ்டாண்டு எப்படி விழுகிறது என்பதைக் கேட்டு, இன்று அம்மாவுக்கு அடி விழுமா விழாதா என்று கண்டுபிடிப்பதில் அந்தப் பிள்ளை கெட்டிக்காரனாகிவிட்டான். பயம் வந்தால் உடம்பு சில இரசங்களைச் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், காது தீட்டிக்கொள்ளும், ஓடவோ ஒளியவோ உடம்பு தயாராகும். வயலில் பாம்பைக் கண்டால் நமக்கு இது உதவும். பாம்பு போனதும் அடங்கிவிடும். தினம் சாயங்காலம் பாம்பு வருகிற வீட்டில் அது எப்போது அடங்கும்? அந்த நிலையில் மூளையின் படிக்கிற பகுதிக்கும் யோசிக்கிற பகுதிக்கும் வேலை செய்ய இடமே கிடைப்பதில்லை. ஏழு ஒன்பது எவ்வளவு என்று கேட்டால் அந்தப் பிள்ளை எங்கிருந்து சொல்லும்?

புயல் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோதும் இதையே பார்த்தோம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல். வேலை போய்த் திருப்பூரிலிருந்து திரும்பி வந்த அப்பா, ஒரே அறை, ஒரே போன், அதில் மூன்று பிள்ளைகளுக்குப் பாடம். திரும்பப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பலருக்கு வரிசையில் உட்காரவே மறந்துபோயிருந்தது. அவர்கள் எல்லோரையும் நோயாளிகள் என்று சொல்ல முடியுமா?

சரி, கடனை நான் அடைக்க முடியாது, மழையை நான் வரவழைக்க முடியாது. கஷ்டம் இருக்கத்தான் செய்யும். கஷ்ட காலத்திலும் உங்களால் செய்ய முடிகிறவை சில இருக்கின்றன. காசு செலவில்லாதவை.

வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வருவது நம் பழக்கம். அந்த வழக்கத்தை ஒரு மருந்தாக வைத்துக்கொள்ளலாம். தவலையிலிருந்து தண்ணீர் எடுத்துக் காலில் ஊற்றும்போது, அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை மட்டும் நினையுங்கள். ஒரு முறை மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து தடவை. கடன்காரன் சொன்னது, மேஸ்திரி திட்டியது, சந்தையில் விலை போகாதது எல்லாம் அதே இடத்தில் இருக்கட்டும். காலையில் எடுத்துக்கொள்ளலாம். பிறகு வாசற்படி ஏறுங்கள். மூச்சை மெதுவாக விட்டால் நெஞ்சுப் படபடப்பு குறைவது உடம்பின் இயற்கை. இது பூஜையல்ல, தவமல்ல. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் செய்யலாம். வெளிநாடுகளில் இந்த மாதிரிப் பயிற்சியைப் பெற்றோருக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள். நமக்குத் தவலையும் சொம்பும் போதும்.

அம்மாக்களுக்குக் கால் கழுவி உள்ளே வரும் நேரம் கிடையாது, அவர்கள் எப்போதுமே உள்ளேதான் என்பது எனக்குத் தெரியும். அடுப்படியில் சோறு கொதிக்கும், சின்னது இடுப்பில் அழும், பெரியது கேள்வி கேட்டு நச்சரிக்கும். கை ஓங்கும் நேரம் அதுதான். ஓங்கிய கையை அப்படியே கொண்டுபோய்ச் சொம்புத் தண்ணீரை எடுத்து இரண்டு மடக்குக் குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் கோபத்தின் உச்சி தாண்டிவிடும். அப்புறம் கண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டிப்பதும் அடிப்பதும் ஒன்றல்ல.

அடுத்து, பிள்ளைக்கு வேலை சொல்லும் விதம். "எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டு, குளிச்சிட்டு, பையை எடுத்து வச்சிட்டு, தம்பிக்குப் பால் வாங்கிட்டு வா" என்று அடுப்படியிலிருந்து ஒரே மூச்சில் கத்துகிறோம். கவனம் நிற்காத பிள்ளைக்கு "எந்திரிச்சு" மட்டும்தான் காதில் ஏறியிருக்கும். பல் விளக்கப் போகிற வழியில் ஓணானைப் பார்த்து நின்றுவிடும். பக்கத்தில் போங்கள். தோளைத் தொடுங்கள். முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். முடித்துவிட்டு வந்ததும், "பரவாயில்லையே, சொன்ன ஒடனே முடிச்சிட்டியே!" என்று ஒரு வார்த்தை. பிறகு அடுத்த வேலை. இது நேரம் பிடிக்கிற காரியம் என்பீர்கள். கத்துவதற்கும் தேடிப் பிடித்து அடிப்பதற்கும் ஆகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இது குறைவுதான்.

படிக்க உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் என்று கட்டிப் போடாதீர்கள். பத்து நிமிஷம் படிப்பு, எழுந்து கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வா, மறுபடி பத்து நிமிஷம். எழுந்து ஓட இடம் கொடுத்தால் திரும்பி வந்து உட்காரும். சாப்பாடு, படிப்பு, படுக்கை மூன்றும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். இரவு பத்தரை வரை சீரியல் ஓடுகிற வீட்டில், காலை ஆறு மணிக்கு எழுப்பினால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குள் கையில் கொடுக்கவே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்றே சொல்லியிருக்கிறார்கள். சோறு ஊட்டுவதற்குப் போனைக் காட்டுகிறோம். பிள்ளை எவ்வளவு தின்றோம் என்றே தெரியாமல் தின்கிறது. நிலாவைக் காட்டி ஊட்டிய கையில்தான் இப்போது போன் வந்திருக்கிறது. ஆனால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்பு தந்தைமார்கள் தங்கள் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை வந்து, "அப்பா, இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பிக்கும்போது போனிலிருந்து கண் எடுக்காமல் "ம்... ம்..." என்கிற தகப்பனிடமிருந்து அந்தப் பிள்ளை கவனம் என்பதை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

அதனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் கேட்கிறேன். தாயோ தகப்பனோ, யாராவது ஒருவர். போன் வேறு இடத்தில். அந்தப் பத்து நிமிஷத்தில் புத்தி சொல்லக் கூடாது, பாடம் கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை என்ன செய்கிறதோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மண்ணில் வீடு கட்டினால் பாருங்கள். பல்லாங்குழி ஆடக் கூப்பிட்டால் ஆடுங்கள். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றத் தெரியாமல் முழித்தால், கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். முதல் வாரம் உங்களுக்கே கஷ்டமாக இருக்கும். கை போனைத் தேடும். மனசு வட்டிக் கணக்குப் போடும். கணக்குப் போடுகிறது என்று தெரிந்ததும் திரும்பப் பிள்ளையிடம் வந்துவிடுங்கள். பத்து தடவை போனால் பத்து தடவையும் வாருங்கள். நமக்கே இப்படி ஓடுகிறதே, ஏழு வயதுக்கு எப்படி ஓடும் என்று அப்போதுதான் புரியும்.

இரண்டு வருஷத்துக்குள் அடுத்த குழந்தை பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை திடீரென்று அடங்காப்பிடாரியாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பத்து நிமிஷம் இரண்டு மடங்கு தேவை. இடைவெளி மூன்று வருஷம் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்வதில் தாயின் இரத்தமும் அடங்கும், மூத்த பிள்ளையின் மனசும் அடங்கும்.

"நாங்கல்லாம் அடி வாங்கித்தானே சார் வளந்தோம், கெட்டாபோயிட்டோம்?" என்று ஒரு பெரியவர் போன கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்களும் அடி வாங்கினோம். அடியால் வளர்ந்தோமா, அடி வாங்கியும் வளர்ந்தோமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. கூடவே, அடி தாங்காமல் பள்ளியை விட்டே ஓடியவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று அவரையே எண்ணச் சொன்னேன். எண்ண ஆரம்பித்தார், ஏழு பேரோடு நிறுத்திக்கொண்டார். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாத்தியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கரும்பலகை துடைப்பது, நோட்டுகளை எடுத்து வருவது போன்ற எழுந்து நடக்கிற வேலை கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கஜா வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அந்த அப்பாவுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. குடி அதற்கு மேல் வந்தது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவர் மனைவியும் மச்சினனும் சேர்ந்து அழைத்துப்போனார்கள். மருந்து சாப்பிட்டார். நடுவில் இரண்டு முறை திரும்பக் குடித்தார், திரும்பப் போனார். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் வண்டியை எடுப்பது நின்றது. பையன் வாய்ப்பாட்டைத் திரும்பச் சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

தாய்மார்களில் சிலருக்கும் இப்படி இருக்கும். பிள்ளை பிறந்த பிறகோ, கஷ்ட காலத்திலோ, காரணம் இல்லாமல் அழுகை வருவது, தூக்கம் வராதது, பிள்ளை அழுதாலும் எழுந்திருக்க மனசு வராதது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, கிறுக்கும் அல்ல. வைத்தியம் இருக்கிற நோய். நேரில் போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-இல் தொடங்கிய மனநல ஆலோசனை எண் அது. காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களையும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

பிள்ளையை எப்போது காட்ட வேண்டும்? ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும், அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாகக் கவனம் சிதறினால் காட்ட வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பாருங்கள், பள்ளியில் மட்டும் என்றால் காதையும் கண்ணையும் வாத்தியாரையும் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை ஓடுவது நோயல்ல, அது ஓடத்தான் வேண்டும். 2013 முதல் நடந்துவரும் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருவார்கள். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். காது, கண், பேச்சு, மனநலம் எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு முதல் வைத்தியம் பெற்றோருக்குப் பயிற்சிதான். ஆறு வயதுக்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மருந்து சாப்பிட்டால் பிள்ளை மந்தமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். சிலருக்குப் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். டாக்டர் அளவை மாற்றித் தருவார். ஆனால் மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையைக் கொடுப்பதோ கூடவே கூடாது. "புத்தி வளர" என்று பஸ் ஸ்டாண்டில் விற்கிற டப்பாவும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள், அதற்காகக் காது பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பேன். பிள்ளையை அழைத்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையையும் பள்ளி நோட்டு ஒன்றையும் எடுத்து வாருங்கள். எந்த நோட்டு என்றாலும் சரி, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கூடுமானால் அப்பாவும் வர வேண்டும். பத்து மணிக்குள் வந்துவிட்டால் காது பார்க்கிற டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.